கேத்தலுக்கு ஏது இத்தா

“மண்டை குழம்பினவள் ஒவ்வொரு ஏனத்துக்கும் அடியில மூண்டு ஓட்டை எண்ணிப் போடுவாளா, அசனா? நீயே சொல்லு பாப்பம்.”

மீன்காரனின் சைக்கிள் நின்ற இடத்தில், ஒழுங்கை முழுவதும் கேட்கட்டும் என்றுதான் நான் சத்தமாகக் கேட்டேன். அசனாவின் கையில் சூடைமீன் வாங்க வந்த பை. பையை மடக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவளும் விடவில்லை.

“ராத்தா, நான் பொய்யா சொல்றன்? புரிசன் மௌத்தாகி மூணு மாசம். இத்தாவில இரிக்கிற பொம்புள. அவ சட்டி முட்டிக்கெல்லாம் நீலமும் மஞ்சளும் பூசித் தோட்டம் சோடிக்கிறா. நல்ல மண்டை உள்ளவள் செய்யிற வேலையா இது?”

“அவ சோடிக்கிறது தகர வேலிய. தன்ட மூஞ்சிய இல்ல.”

“எல்லாம் சோடினைதான்.”

“அப்ப நீ உன்ட வீட்டுக் கூரைக்குப் பச்சைத் தகரம் போட்டியே, அது உன்ட தலைக்கா போட்டாய்?”

மீன்காரன் தராசைக் கீழே வைத்துவிட்டான். “ரெண்டு பேரும் முடிச்சிட்டுச் சொல்லுங்க. நான் மறுகா மீன் நிறுக்கன்” என்றான்.

நான் முடிக்கவில்லை. இப்போதும் முடிக்கவில்லை. என் அடுத்த வீட்டு ஜெசீமாவைப் பற்றி எங்கள் ஒழுங்கையில் கதைக்காத ஆள் இல்லை. அந்த மூன்று மாதத்தில் அவளுடைய பின்வளவுக்குள் நாள்தோறும் கால் வைத்தவள் நான் ஒருத்திதான். ஆனபடியால் அதைப் பற்றி நான் சொல்வதுதான் சரி. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி மின்ஹா எழுதுகிறாள். ஒன்றையும் திருத்தாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். திருத்தினாளோ இல்லையோ என்று வாசிக்கச் சொல்லிக் கேட்டுக் கண்டுபிடிப்பேன்.

ஜெசீமாவுக்கு ஐம்பத்தாறு வயது. உயரமான பொம்பிளை. வலது தோள் இடது தோளை விடச் சற்று இறங்கியிருக்கும். முப்பது வருசமாக இடியப்ப உரல் பிழிந்த தோள் அது. துறைமுக வீதியில் இரண்டு சாப்பாட்டுக் கடைகளுக்கு விடியற்காலையில் அவளுடைய இடியப்பம்தான் போகும். நடக்கும்போது கீழே பார்த்துத்தான் நடப்பாள். வெட்கத்தால் என்று நினைத்துவிடாதீர்கள்; வீதியில் என்ன கிடக்கிறது என்று பார்க்கிறாள். ஒரு மூடி, ஒரு பிடி உடைந்த கோப்பை, பல்லுப்போன தேங்காய்த் திருவலை, எது கிடந்தாலும் குனிந்து எடுத்து முந்தானையால் ஒரு துடை துடைத்து, “இதுக்கு இன்னும் வேலை இரிக்கி” என்பாள். அந்தச் சொல் அவள் வாயிலிருந்து ஒரு நாளைக்குப் பத்து முறையாவது வரும்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்றால், எங்கள் மண்ணிலிருந்து வந்தது. கடலுக்கு இவ்வளவு கிட்ட இருக்கிற வளவு. தோண்டினால் உப்பு மணல். நட்டது எதுவும் மூன்றாம் மாதம் கருகிவிடும். தப்பித் தவறி ஒன்று தளிர்த்தால் மான் வந்து தின்றுவிடும். வேற ஊரில் ஆட்டுக்கு வேலி கட்டுவார்கள். நாங்கள் திருகோணமலையில் மானுக்குக் கட்டுகிறோம். பகலில் பஸ் நிலையத்தில் படுத்திருக்கும், விடியும் முன்னே வளவுக்குள் வந்து நிற்கும். ஆனபடியால் இங்கே பூ வேணும் என்றால் மண்ணை வெளியில் இருந்து கொண்டுவந்து ஓர் ஏனத்தில் போடவேணும், அந்த ஏனத்தை மானின் வாய்க்கு எட்டாத உயரத்தில் வைக்கவேணும். ஜெசீமா புது மண்சட்டி வாங்கினதே இல்லை. வீட்டில் எது கிழடானதோ அதுவே பூச்சட்டி.

அவளுடைய புரிசன் அலியார் மூதூர் பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவர். மெலிந்த ஆள், பெரிய குரல். அவருக்கு ஒரு சொல் இருந்தது: “றைட்!” பஸ்ஸின் பக்கத்தில் கையால் இரண்டு தட்டுத் தட்டி, “றைட்!” பஸ்ஸோடு அது நின்றிருந்தால் பரவாயில்லை. சோறு தின்று முடித்தாலும் மேசையில் இரண்டு தட்டு, “றைட்!” ஜெசீமாவோடு சண்டை பிடித்தாலும் தன் பக்கத்துக் கதை முடிந்தவுடன் கதவு நிலையில் இரண்டு தட்டு, “றைட்!” பிறகு அவள் என்ன சொன்னாலும் அவருக்குக் கேட்காது. “பாருங்க மாமி, என்னை இறக்கிவிட்டுட்டுப் போறார்” என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு புதன்கிழமை காலை, முதல் ஓட்டம் முடிந்து வந்து, பின்வளவில் பிரம்புக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தார். கோப்பையைக் கீழே வைத்தார். அன்றைக்கு மட்டும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. ஜெசீமா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தபோது ஆள் இல்லை.

இத்தா என்றால் என்ன என்று அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். புரிசன் மௌத்தானால், அதாவது இறந்துபோனால், எங்கள் பெண்கள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கவேணும். அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது. வெள்ளை உடுப்பு. கண்ணுக்குச் சுருமா இல்லை, அத்தர் இல்லை, தலையில் பூ இல்லை. தெருக்கதவைத் தாண்டக் கூடாது. ஜெசீமாவின் வீட்டு ஜன்னல்களுக்கு நான்தான் வெள்ளைச் சீலை கட்டினேன். முதல் நாற்பது நாளும் சனம் வந்து போய்க்கொண்டு இருந்தது. நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்தவுடன் சனம் நின்றுவிட்டது. வீட்டில் அவளும் ஒரு சுவர்க் கடிகாரமும்.

முப்பது வருசம் பிழிந்த கை சும்மா இருக்குமா? நாற்பத்திமூன்றாம் நாள் நான் போனபோது அவள் குசினி மூலையில் இருந்து, பின்னல் விட்டுப்போன இடியப்பத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு இருந்தாள். பிரம்பும் ஈர்க்கும் சேர்த்துப் பின்னின வட்டத் தட்டுகள், அறுபதுக்கு மேல் இருக்கும். இத்தனை வருசத்தில் ஒன்றையும் அவள் எறியவில்லை.

“மாமி, இதெல்லாம் வட்டமா இரிக்கி. தகரவேலி சும்மா கிடக்குது.”

“அதுக்கு?”

“பெயின்ற் இரிக்கா?”

இருந்தது. என் மகன் ஜெமீல் துறையில் வள்ளங்களுக்கு நிறம் பூசுகிறவன். டின்னின் அடியில் மிஞ்சுகிற நீலம், மஞ்சள், பச்சை எல்லாம் எங்கள் கோடிப்புறத்தில் அடுக்கியிருக்கும். அன்றைக்கே மூன்று டின்னை முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுபோனேன். அசனாவோடு மீன்காரனுக்கு முன்னால் அப்படி வாதாடினேனே, பெயின்ற் கொடுத்தவள் நான் என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. கேட்டால் சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை.

ஒரு மாதத்தில் அந்தப் பின்வளவை நீங்கள் பார்த்திருக்க வேணும். துருப்பிடித்த தகரவேலி நீளத்துக்கு மஞ்சள் வட்டம், நீல வட்டம், நடுவில் சிவப்புப் பொட்டு. வெயில் அடித்தால் அந்தப் பின்னல் ஓட்டைகளுக்குள்ளால் வெளிச்சம் மணலில் கோலம் போடும். மின்விசிறியின் முன்கூடு கழன்று கிடந்தது. அதில் பாகற்கொடி ஏற்றினாள். கால்மிதி தையல் மெசினின் இரும்புக்காலில் ஒரு பலகை போட்டு அதன்மேல் நெளிந்த சருவச்சட்டிகள். மண்ணெண்ணெய் அடுப்பின் மூன்று திரிக்குழாயிலும் மூன்று பத்துமணிச்செடி. கேத்தல் மூடி, சட்டி மூடி, பால்மா டின் மூடி எல்லாவற்றையும் நைலோன் கயிற்றில் கோத்து முருங்கையில் தொங்கவிட்டாள். கச்சான் காற்று வீசும்போது அது கலகல என்று அடிக்கும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து மான் வளவுக்குள் வருவதை விட்டுவிட்டது. அப்படி நடக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை. நடந்த பிறகு, “அதுக்குத்தான் கட்டினனான்” என்றாள். ஆளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வேலை என்றால் ஒழுங்கான வேலை. ஆணியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, ஏனத்தைக் கவிழ்த்து, அடியில் மூன்று ஓட்டை. இரண்டு போதாதா என்று ஒரு நாள் கேட்டேன்.

“ஒண்டு அடைபட்டா மத்தது இரிக்கும். ரெண்டும் அடைபட்டா மூண்டாவது இரிக்கும். தண்ணி போக வழி விட்டாத்தான் மாமி வேர் அழுகாது.”

அலியார் மௌத்தான அந்தப் பிரம்புக் கதிரையையும் அவள் விடவில்லை. நடுப்பின்னல் முன்னமே கிழிந்திருந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டு, அந்த ஓட்டைக்குள் ஒரு சட்டியை இறக்கி, குரோட்டன் நட்டாள். வேலி இடுக்கால் இதைக் கண்டபோதுதான் அசனாவுக்குப் பொறுக்க முடியாமல் போனது. “மௌத்தான மனிசன்ட கதிரையில பூக்கண்டு நட்டிரிக்கா!” என்று வீடு வீடாகச் சொல்லித் திரிந்தாள். ஜெசீமாவின் வீட்டுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அசனா. தகர வேலியில் இரண்டு பக்கமும் இடுக்கு உண்டு.

மீன்காரன் சைக்கிள் அடியில் நடந்த சண்டைக்கு நாலாம் நாள் அசனாவின் புரிசன் றம்ஸான், பள்ளிவாசலிலிருந்து றுவைஸ் மௌலவியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். மௌலவி சின்ன வயதுக்காரர், பண்பானவர். படலைக்கு வெளியே குடையோடு நின்றார். ஜெசீமா கதவுச் சீலைக்குப் பின்னால். நடு வெயிலில் முற்றத்தில் நான். இந்தப் பக்கம் கேட்டதை அந்தப் பக்கம் சொல்லவேணும், அந்தப் பக்கம் சொன்னதை இந்தப் பக்கம் கொண்டுவரவேணும்.

“புள்ள, நீ சோடினை செய்றியாமே? மௌலவி கேக்கார்.”

“கேத்தலுக்கு ஓட்டை போடுறன் எண்டு சொல்லுங்க மாமி.”

நான் திரும்பி நடந்தேன். “கேத்தலுக்கு ஓட்டை போடுறாவாம்.”

“ஓட்டை போட்டுட்டுப் பெயின்ற் பூசுறா, அதைச் சொல்லுங்க!” என்று றம்ஸான் துள்ளினான்.

“உனக்கு என்ன அவசரம்? மௌலவி கேக்கட்டும்.”

மௌலவி அமைதியாகக் கேட்டார்: நிற உடுப்பு உடுக்கிறாவா? அத்தர் பூசுகிறாவா? கண்ணுக்கு ஏதும் இடுகிறாவா? வெளியில் போகிறாவா? இதற்கெல்லாம் நான் கதவடிக்குப் போகவே இல்லை. நின்ற இடத்திலேயே, இல்லை, இல்லை, இல்லை, இல்லை என்று நாலு தரம் சொன்னேன்.

மௌலவி குடையை மறுகைக்கு மாற்றினார். “இத்தா பொம்புளைக்குத்தான் தம்பி. கேத்தலுக்கு ஏது இத்தா?” என்றார் றம்ஸானைப் பார்த்து.

மௌலவி போகத் திரும்பியவர் நின்று, குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்: “எங்கட உம்மாட்ட ஒரு பழைய இரும்புப் பேசின் கிடக்குது. எறிய மனமில்லாம வெச்சிரிக்கா. இவ எடுப்பாவா எண்டு கேளுங்க.”

எடுத்தாள். மௌலவி வீட்டுப் பேசினில் கற்றாழை நட்டாள்.

அதோடு ஒழுங்கை அடங்கியிருக்கவேணும். அடங்கவில்லை. சோடினை என்று சொல்லி முடியவில்லை என்றவுடன் நுளம்பு என்று சொல்லத் தொடங்கினார்கள். மாரி தொடங்குகிற நேரம். டெங்கு என்றால் எல்லாருக்கும் பயம்தானே. பழைய ஏனம் எல்லாம் நுளம்புப் பண்ணை என்று யாரோ சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லிவிட்டார்கள். யார் என்று நான் சொல்லமாட்டேன். பார்த்தவள் இல்லை.

பரிசோதகர் ஆனந்தராசா கையில் கொப்பியும் டோர்ச்சுமாக வந்தார். ஜெசீமாவை அறைக்குள் இருக்கச் சொல்லிவிட்டு நான்தான் அவரைப் பின்வளவுக்குக் கூட்டிப்போனேன். மனிசர் ஒரு நிமிடம் வாயைத் திறந்துகொண்டு நின்றார். பிறகு வேலையைத் தொடங்கினார். ஒவ்வொரு ஏனமாகச் சரித்தார், அடியைத் தொட்டார், மணலைக் கிண்டினார். ஒரு சொட்டுத் தண்ணி தேங்கி நிற்கவில்லை.

“மூண்டு மூண்டு ஓட்டை போட்டிருக்கினம். யாரம்மா இது சொல்லிக் கொடுத்தது?”

“யாரும் சொல்லிக் குடுக்கல்ல. அவட மண்டையில இரிந்தது” என்றேன். மண்டை என்ற சொல்லை வேலிப்பக்கம் பார்த்து, வேணுமென்று அழுத்திச் சொன்னேன்.

அவர் போகப் புறப்பட்டார். கிணற்றடியைத் தாண்டும்போதுதான் அந்தக் கேத்தலைக் கண்டார். அலுமினியக் கேத்தல், நீளமான மூக்கு. துவைக்கிற கல்லுக்கு மேலே தனியாக இருந்தது. பெயின்ற் இல்லை, செடி இல்லை. சாம்பல் போட்டு விளக்கி, முகம் பார்க்கலாம் போல மினுங்கியது. மூடியைத் திறந்தார். வாய்வரைக்கும் தண்ணி.

“இது யாருக்கு?”

யாருடைய கேத்தல் என்று எனக்குத் தெரியும். அலியார் விடியச் சுபஹுத் தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி வுழூச் செய்கிற கேத்தல். முதல் பஸ்ஸுக்கு அவர் எழும்பும் முன்னே ஜெசீமா எழும்பி அதை நிரப்பி அந்தக் கல்லில் வைப்பாள். அது அந்த நாளையில். இப்போது யாருக்கு? விரலை விட்டுப் பார்த்தேன். குளிர்ந்த தண்ணி. அன்றைக்கு விடியற்காலையில் ஊற்றினது.

ஆனந்தராசா என் முகத்தைப் பார்த்தார். விளங்கிக்கொண்டார் போல. “புதுத் தண்ணிதான். புழு ஒன்றும் இல்லை. ஆனா ஒரு கிழமை மறந்தால் வரும். ஒன்றில் ஊத்துறதை நிப்பாட்டட்டும், இல்லாட்டி இதுக்கும் ஓட்டை போடட்டும். அவசரமில்லை அம்மா” என்று மெதுவாகச் சொன்னார். கொப்பியில் அந்தக் கேத்தலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

ஆனால் தகர இடுக்கில் கண் இருந்தது. கண்ணோடு போனும் இருந்தது. அசர்த் தொழுகைக்கு முன்னே கிணற்றடிக் கேத்தலின் படம் ஒழுங்கையில் எல்லார் போனிலும் வந்துவிட்டது. கிண்ணியாவில் இருக்கிற ஜெசீமாவின் மகன் நஸ்ரியின் போனுக்கும் போனது. “மௌத்தான வாப்பாக்கு உங்கட உம்மா வுழூத் தண்ணி வெக்கிறா. பாத்துக்கொள்ளுங்க” என்று கீழே எழுதியிருந்ததாம்.

அன்றைக்குப் பின்னேரம் நான் அவளுக்கு முன்னால் இருந்தேன். சுற்றி வளைத்துக் கேட்க எனக்குத் தெரியாது.

“அலியார் வருவார் எண்டு நினைக்கிறியா, புள்ள?”

அவள் கண்கலங்கவில்லை. வலது கையை மடியில் விரித்து வைத்துப் பார்த்தாள்.

“வரமாட்டார் எண்டு எனக்குத் தெரியும் மாமி. கைக்குத்தான் தெரியல்ல. முப்பது வருசம் முதல்ல கேத்தல், பொறகுதான் மா. எழும்பினவுடன அது பாட்டுக்குப் போய் ஊத்திட்டு வருது. ஊத்தின பொறகுதான் எனக்கு விளங்குது.”

“கைக்குச் சொல்லிக் குடு.”

“ஓம். சொல்லிக் குடுக்கணும்.”

வெள்ளிக்கிழமை நஸ்ரி வந்தான். நல்ல பிள்ளை, அதையும் சொல்லவேணும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் என்னிடம் சலாம் சொன்னான். பிறகு நேரே கிணற்றடிக்குப் போய்க் கேத்தலைப் பார்த்தான். திரும்பி வந்து உம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தான்.

“உம்மா, இத்தா முடியிற அன்றைக்கே வான் கொண்டு வாறன். இந்த வீட்டைப் பூட்டிப் போடுவம். தனிய இரிந்தது போதும்.”

“நான் எங்க மகன் தனிய இரிக்கன்? வேலியப் பாரு.”

“அது இடியப்பத் தட்டு உம்மா.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை.

“ஊரே கதைக்கிது. உம்மாக்கு மண்டை சரியில்ல, மகன் பாக்கல்ல எண்டு என்னைத்தான் சொல்லுவாங்க. அங்க வாங்க. முற்றம் முழுக்கக் கொங்கிறீற் போட்டிரிக்கன், துப்புரவா இரிக்கும். மருமகள் எல்லாம் பாப்பா. நீங்க ஒரு வேலையும் செய்யத் தேவையில்ல. காலை நீட்டி இரிக்கலாம்.”

அவன் அன்பாகத்தான் சொன்னான். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் ஜெசீமாவின் முகம் இறுகினதை நான் கண்டேன். எறியப் போகிற சாமானைப் பற்றித்தான் ‘இனி இதுக்கு வேலை இல்லை’ என்று மற்றவர்கள் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். தன்னைப் பற்றிக் கேட்டது அன்றைக்குத்தான்.

“இந்த வீடு எனக்கு என்ட வாப்பா சீதனமாத் தந்தது” என்றாள்.

“வீட்டை யாரும் எடுக்கல்ல உம்மா. உங்களத்தான் கூப்பிடுறன்.”

“எனக்கு இன்னும் பத்து நாள் இரிக்கி. இப்ப நான் கதவுக்கு உள்ள இரிக்கிறவ. கதவுக்கு வெளிய வந்து மறுமொழி சொல்றன்.”

அவன் என்னைப் பார்த்தான். “நீங்களாவது சொல்லுங்க பெத்தம்மா.”

“நான் ஏன் சொல்ல? அவள்ட வாய் நல்லாத்தானே இரிக்கி” என்றேன்.

அப்படிச் சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் நிச்சயமில்லை. அந்தக் கேத்தல் கல்லில் இருக்கும்வரை அவள் பக்கம் கதைக்க என்னிடம் ஒன்றுமில்லை. ஒரு நாளும் நான் அதைத் தொடவில்லை. நாள்தோறும் போய் மூடியைத் திறந்து பார்த்தேன். நஸ்ரி வந்துபோன ஐந்தாம் நாளும் தண்ணி இருந்தது. ஏழாம் நாளும் இருந்தது. எட்டாம் நாள் பாதிதான் இருந்தது; பாதி ஊற்றும்போது கை நின்றிருக்கவேணும். ஒன்பதாம் நாள் வெறுங்கேத்தல். கவிழ்த்து வைத்திருந்தாள்.

கடைசி நாளுக்கு முந்தின பின்னேரம், அசர் பாங்கு சொல்லி முடிந்து நான் முற்றத்தில் நெத்தலிக் கருவாடு அள்ளிக்கொண்டு இருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் கேட்டது. ஒன்று. பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை. நான் கருவாட்டை விட்டுவிட்டு நின்றேன். இரண்டாவது கேட்டது. மூன்றாவதும் கேட்டது. நான் குனிந்து திரும்பவும் கருவாடு அள்ளினேன்.

மறுநாள் இத்தா முடிந்தது. குளித்து, வெள்ளையைக் கழற்றி, கபிலநிறத்தில் சின்னப் பூப்போட்ட சேலை உடுத்தாள். பெண்கள் வந்து ஓதினார்கள். பாச்சோறு ஆக்கினோம். அசனாவும் வந்தாள், வராமல் இருப்பாளா? சீலைத் தலைப்புக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்து, யாரும் பார்க்காத நேரம் பார்த்துப் பின்கதவடியில் வைத்தாள். நான் பார்த்தேன். அடி கருகின சோறாக்கிற மின்சாரப் பானை.

“என்ன அசனா அது?”

“இல்ல ராத்தா... சும்மா கிடந்தது.”

“சோடினைக்கா?”

“போங்க ராத்தா!” என்று சொல்லிவிட்டுப் பாச்சோற்றுப் பக்கம் போய்விட்டாள்.

பத்தரை மணிக்கு வான் வந்தது. நஸ்ரி சாரதியோடு வாடகைக்குப் பிடித்து வந்திருந்தான். உம்மா வசதியாக இருக்கட்டும் என்று முன் சீற்றுக்குப் புதுத் துண்டு விரித்திருந்தான். பின்பக்கம் சாமான் ஏற்ற இடம் விட்டிருந்தான். ஒழுங்கையில் பெண்கள் படலைக்குப் படலை நின்றார்கள். உள்ளே நான் ஒரு பையையும் காணவில்லை. பெட்டி கட்டவில்லையா, கட்டி எங்காவது வைத்திருக்கிறாளா என்று தெரியவில்லை.

ஜெசீமா பிஸ்மி சொல்லி, வலது காலை வைத்துக் கதவைத் தாண்டினாள். நான்கு மாதமும் பத்து நாளும் கழித்து வெயில் அவள் முகத்தில் பட்டது. கண்ணைச் சுருக்கி ஒரு கணம் நின்றாள். இரண்டு கையிலும் அலியாரின் கேத்தல். அடியில் மூன்று ஓட்டை. அதிலிருந்து ஈர மணல் பொட்டுப் பொட்டாகச் சிந்தியது. உள்ளே, வேர்விட்ட ஒரு பட்டிப்பூக் கன்று. நேரே வானடிக்கு நடந்தாள். நஸ்ரி ஓடிப்போய் முன்கதவைத் திறந்து பிடித்தான்.

அவள் ஏறவில்லை. கேத்தலை அந்தப் புதுத் துண்டின் மேல் வைத்தாள். சீற் பட்டியை இழுத்து, கேத்தலைச் சுற்றிக் கொழுவினாள். ஆடுகிறதா என்று ஒரு தரம் அசைத்துப் பார்த்தாள்.

“இதுக்கு இன்னும் வேலை இரிக்கி மகன். உன்ட கொங்கிறீற்றுல வை. தண்ணி நீதான் ஊத்தணும். சுபஹுக்கு எழும்பினவுடன. மருமகள்ட தலையில போட்டுடாத.”

“உம்மா... அப்ப நீங்க?”

“எனக்கு நாளைக்கு மா அவிக்கணும். ரெண்டு கடையாலயும் ஆள் அனுப்பிட்டாங்க. நோன்புப் பெருநாளைக்கு வந்து ரெண்டு நாள் நிக்கன்.”

“உம்மா, சனம்...”

“சனம் வந்து பாச்சோறு தின்டுட்டு இரிக்கி. நீ ஏறு.”

அவன் நின்றான். அவள் அவனுடைய தலையை இரண்டு கையாலும் பிடித்துக் குனிய வைத்து நெற்றியில் கொஞ்சினாள். அதே கையால் முதுகைப் பிடித்து வானுக்குள் தள்ளினாள். பின்கதவை இழுத்துச் சாத்தினாள். பிறகு இரண்டு எட்டுப் பின்னால் வந்து, வானின் பக்கத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

“றைட்!”

வான் ஓட்டி வந்தவனின் கை தானாகக் கியரைப் போட்டது.